பலகை சொன்ன 'நீங்கள்'

ஹெரன் முனை, ஏரிக்கரை முகாம்
ஜூன் 6, 1886

ஆசா,

இந்தக் கடிதத்தைப் பட்டறையில் நின்றுகொண்டே படிக்காதே. கையைத் துடைத்துக்கொண்டு, உட்கார்ந்து படி. நம் டேசி பேசினாள்.

சிரிக்காதே. நீ சிரிக்க மாட்டாய், தெரியும். உதட்டை இறுக்கிக்கொள்வாய். அது சிரிப்பைவிட மோசம்.

எனக்கு அறை கொடுத்திருக்கும் திருமதி ஆர்வில்லா பிஞ்ச்சைப் பற்றி முன்பே எழுதியிருந்தேன். உள்நாட்டு யுத்தத்தில் கணவனைப் பறிகொடுத்தவள். பெரிய உடம்பு, பெரிய குரல். எதற்கெடுத்தாலும் அழுவாள், அழுதுகொண்டே மாவும் பிசைவாள். சாப்பாடு முடிந்ததும் இங்கே எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, போய்ச் சேர்ந்தவர்களைக் கூப்பிடுவார்கள். போன வாரம்வரை தட்டும் முறைதான். ஒருவர் எழுத்துகளை வரிசையாக ஒப்பிக்க வேண்டும். வேண்டிய எழுத்து வரும்போது மேசை 'டொக்' என்று தட்டும். ஒரு 'சௌக்கியம்' வந்து சேர்வதற்குள் காப்பி ஆறிப்போகும்.

இப்போது வந்திருப்பது வேறு. ஒரு பலகையில் எல்லா எழுத்துகளையும் எழுதி, மூலையில் 'ஆம்', 'இல்லை' என்றும் எழுதிவைக்கிறார்கள். அதன்மேல் நான்கு கால் வைத்த, உள்ளங்கை அகல மேசை ஒன்று. இரண்டு பேர் விரல் வைத்தால் போதும், அது ஓடி ஓடி எழுத்தைக் காட்டுகிறது. ஒஹாயோவின் வடபகுதி முழுக்க இதே பேச்சுதான். ஆளாளுக்குப் பெட்டி மூடியை உடைத்துச் செய்துகொள்கிறார்களாம்.

திருமதி பிஞ்ச்சின் கணவர் காலேப் தினமும் வருகிறார். உயிரோடு இருந்தபோதே எழுத்துக் கூட்டத் தெரியாத மனிதராம். "ஏன்யா காலேப், இத்தன வருசமா மேல உக்காந்திருக்கே, இன்னுமா எழுத்துக் கூட்டக் கத்துக்கல?" என்று அவள் திட்டுவதைக் கேட்டால் உனக்கே சிரிப்பு வந்துவிடும்.

நேற்று நானும் அவளும் விரல் வைத்தோம். குட்டி மேசை சுற்றியது, தயங்கியது, டேசியின் பெயரை எழுத்தெழுத்தாகக் காட்டியது. பிறகு 'அம்மா' என்றது.

குளிர்காலம் முழுக்க உன்னிடம் நான் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன். அன்று விடியற்காலை நான் பக்கத்து அறையில் கண் அசந்துவிட்டேன். நீதான் அவளோடு இருந்தாய். கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லல" என்றாய். ஒன்றுமே சொல்லாமலா ஒரு குழந்தை போகும்? நீ சொல்லாததை இனி அவளிடமே கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

ஓர் உதவி வேண்டும். எங்கள் பலகை சொரசொரப்பு, மேசை பாதி வழியில் சிக்கிக்கொள்கிறது. நீ நாற்காலி செய்கிறவன். வழவழப்பாக ஒன்று செய்து அனுப்பு.

கெத்தூரா


மில்புரூக்
ஆறாம் மாதம் 13, 1886

கெத்தூரா,

கடிதம் கிடைத்தது. உட்கார்ந்தே படித்தேன்.

ஜூன் என்று எழுதியிருக்கிறாய். அது ஏதோ ரோமாபுரித் தெய்வத்தின் பெயர். நம் சபையில் மாதத்தையும் கிழமையையும் யாரும் அப்படிச் சொல்வதில்லை. முதலாம் நாள், இரண்டாம் நாள், ஆறாம் மாதம் என்று சொல்லித்தான் நீயும் வளர்ந்தாய். ஒரு வசந்தகாலத்துக்குள் மறந்துவிட்டதா?

பலகை செய்ய மாட்டேன். மரம் இருக்கிறது, மனம் இல்லை.

சபை மூப்பர் ஓபேத் கோப் வந்திருந்தார். உன் விஷயமாகத்தான். நம் வழக்கப்படி வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். பிறகு நான் செய்த ஆப்பிள் பணியாரத்தை எடுத்துவைத்தேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "இது நீ செஞ்சதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப அவள சீக்கிரம் வரச் சொல்லு" என்றார். அவர் வேடிக்கையாகச் சொன்னாலும் விஷயம் வேடிக்கை இல்லை. ஆவிகளிடம் குறி கேட்கிறவளைச் சபை வைத்துக்கொள்ளாது. அறுவடைக்குள் நீ திரும்பாவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்கள்.

பட்டாணி நன்றாக வந்திருக்கிறது. சிவப்புக் கோழி அடைகாக்கிறது. பின்கட்டுக் கதவின் கீலை மாற்றினேன், இப்போது சத்தம் வருவதில்லை.

உன் கேள்விக்கு முன்பே பதில் சொல்லிவிட்டேன். கோர்ட்டில்கூடச் சத்தியம் செய்ய மறுக்கிறவர்கள் நாம், பேசும் சொல்லே சத்தியமாக இருக்க வேண்டும் என்பதால். ஒன்றும் சொல்லவில்லை என்றால் ஒன்றும் சொல்லவில்லைதான்.

வீட்டுக்கு வா.

ஆசா


ஹெரன் முனை
ஜூன் 20, 1886

ஆசா,

கோழி அடைகாக்கிறது. கதவுச் சத்தம் நின்றுவிட்டது. ரொம்ப சந்தோஷம்.

உன் கடிதத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஓர் இடத்திலாவது அவள் பெயர் இருக்கிறதா என்று. டேசி என்று எழுத எவ்வளவு மை செலவாகிவிடும் உனக்கு?

அடக்கத்தன்று நாம் எல்லோரும் குழியைச் சுற்றி நின்றோம். பாட்டு இல்லை, பிரசங்கம் இல்லை, நம் வழக்கப்படி மௌனம். எனக்குத் தொண்டையிலிருந்து ஏதோ கிளம்பி வந்தது. வாயைத் திறந்தேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். ஆறுதலுக்குப் பிடித்தாயா, அடக்கப் பிடித்தாயா, இன்றுவரை எனக்குத் தெரியாது. வந்தது அப்படியே உள்ளே போய்விட்டது. இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

அதற்கப்புறம் அவள் கிண்ணம் மேல்தட்டுக்குப் போனது. கட்டிலை நீ பிரித்துப் பட்டறையில் அடுக்கினாய். நான் அவளைப் பற்றி வாயெடுத்தால் நீ விறகு வெட்ட எழுந்து போவாய். நம் வீட்டில் இருந்த விறகைப் பார்த்து ஊரே பொறாமைப்பட்டது.

இங்கே வந்த முதல் நாள் திருமதி பிஞ்ச் கேட்டது என்ன தெரியுமா? "உங்க பொண்ணு எப்படிம்மா இருப்பா? மூக்கு உங்களுதா, அவருதா?" அந்த ஒரு கேள்விக்காகவே அவள் காலைக் கழுவலாம் என்று தோன்றியது. மூக்கு உன்னுடையது என்றேன். பேசிக்கொண்டே இருந்தேன். ரொட்டி கருகிவிட்டது, அவள் கவலைப்படவில்லை.

சபை என் பெயரை நீக்கட்டும். இங்கே ஒரு பலகை என்னை அம்மா என்று கூப்பிடுகிறது. அங்கே என்னை அப்படிக் கூப்பிட யார் இருக்கிறார்கள்?

கெத்தூரா


மில்புரூக்
ஏழாம் மாதம் 18, 1886

கெத்தூரா,

இதோடு ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். பலகையும் குட்டி மேசையும் இருக்கின்றன.

டேசியின் கட்டிலில் தலைமாட்டுப் பக்கம் இருந்த பலகைதான் அது. வேறெதற்கும் அதை என்னால் பயன்படுத்த முடியவில்லை. எரிக்கவும் முடியவில்லை. நன்றாக இழைத்து, மெழுகு தேய்த்திருக்கிறேன். மேசையின் காலடியில் கம்பளித் துணி ஒட்டியிருக்கிறேன், சிக்காது.

எழுத்துகளை நீயே எழுதிக்கொள். நான் தூரிகையை எடுத்தேன், முடியவில்லை. ஏன் என்று கேட்காதே.

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. இல்லை என்பதை உனக்கு மறைக்கவும் இல்லை. ஆனால் நீ கேட்டாய். இந்த ஒரு வருஷத்தில் நீ என்னிடம் கேட்ட பொருள் இது ஒன்றுதான்.

ஒரு கேள்வி. நம்பாதவன் கேட்கலாமா என்று தெரியவில்லை. கேட்கலாம் என்றால் அவளிடம் இதைக் கேள்: தொண்டை இன்னும் வலிக்கிறதா?

ஆசா


ஹெரன் முனை
ஜூலை 25, 1886

ஆசா, என் ஆசா,

பெட்டியைத் திறந்ததும் மெழுகு வாசனை வந்தது. உன் கை வாசனை. பலகையின் ஓரத்தில் அவள் பல்லால் கடித்த தடத்தை நீ இழைக்காமல் விட்டிருக்கிறாய். அதைப் பார்த்துவிட்டு அன்று முழுக்க நான் ஒரு வேலையும் செய்யவில்லை.

எழுத்துகளை நானே எழுதினேன். குட்டி மேசை பனிக்கட்டிமேல் போவது போலப் போகிறது. முகாமில் எல்லோரும் வந்து பார்க்கிறார்கள். கிளீவ்லாந்திலிருந்து ஒரு பொம்மை வியாபாரிகூட வந்தார். "இதுல ஆவி வருதா வரலையாங்கிறது எனக்கு முக்கியமில்லீங்க. ஒரு பையனும் பொண்ணும் முழங்கால் இடிக்க எதிரெதிரே உக்காரணும், மடியில இது இருக்கணும். அது போதும், பிச்சுக்கிட்டுப் போகும்" என்றார். விளையாட்டுச் சாமான் என்று பெயர் வைத்தால் பாதிரியார் வீட்டிலும் வாங்குவார்களாம். இது என் பெண்ணின் கட்டில் என்று சொன்னேன். உடனே தொப்பியைக் கழற்றினார். கழற்றிவிட்டு அளவும் எடுத்துக்கொண்டுதான் போனார்.

உன் கேள்வியைக் கேட்டோம், நானும் திருமதி பிஞ்ச்சும். பதில் வந்தபோது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டார். ஒரு சொல்லும் மாற்றாமல் அனுப்புகிறேன்:

"வலி இல்லை அப்பா. நீங்கள் அழாதீர்கள். புதன்கிழமைகளில் எங்களுக்குப் பாட்டு வகுப்பு இருக்கிறது. அம்மா இங்கேயே இருக்கட்டும்."

வலி இல்லையாம், ஆசா.

பதிலுக்கு, கிடைத்தது என்று ஒரு வரி எழுது. தயவுசெய்து வேறொன்றும் எழுதாதே.

கெத்தூரா


மில்புரூக்
எட்டாம் மாதம் 1, 1886

கெத்தூரா,

ஒரு வரி எழுதச் சொன்னாய். முடியவில்லை.

முதல் தடவை படித்தபோது பட்டறையில் உட்கார்ந்து அழுதேன். சத்தம் போட்டே அழுதேன். 'வலி இல்லை அப்பா' என்பதைத் தாண்டி அன்று நான் போகவே இல்லை. மறுநாள் மிச்சத்தையும் படித்தேன்.

'நீங்கள்' என்கிறது. கெத்தூரா, நம் பெண் யாரையாவது நீங்கள் என்று சொல்லிக் கேட்டிருக்கிறாயா? கடவுளையே நீ என்கிறோம், மனிதனுக்கு எதற்குத் தனி மரியாதை என்று வளர்ந்தவள் அவள். நீ உன் அக்கா வீட்டுக்குப் போயிருந்த நேரம், மாவட்ட நீதிபதி நாற்காலி வாங்க வந்தார். வந்ததும் ஒரு சின்ன நாற்காலியில் உட்காரப் போனார். இவள் ஓடிவந்து, "நீ அதுல உக்காராத, நீ பெருசு" என்றாள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "யார்கிட்ட பேசுறேன்னு தெரியுமா பாப்பா?" என்றார். "தெரியும், நீ ஜட்ஜு. ஆனா அது நாற்காலிக்குத் தெரியாதே" என்றாள். அவர் விழுந்து விழுந்து சிரித்து, பெரிய நாற்காலியாக இரண்டு வாங்கிப் போனார்.

அவளா என்னை நீங்கள் என்பாள்?

அப்புறம் புதன்கிழமை. அந்தச் சொல்லே அவளுக்குத் தெரியாது. நான்காம் நாள் என்றுதான் சொல்வாள். பாட்டு வகுப்பு! நம் வீட்டில், நம் சபையில், யார் பாடி அவள் கேட்டாள்?

இது அவள் இல்லை. நம்மைப் பற்றி எதுவும் தெரியாத, வெளி உலகத்துக் கிறிஸ்தவப் பெண்மணி ஒருத்தியின் விரல் இது. அவள் பெயர் பிஞ்ச் என்று வைத்துக்கொள்.

உண்மையை உனக்குச் சொல்வது என் கடமை, சொல்லிவிட்டேன். இனி அங்கே இருக்க உனக்குக் காரணம் இல்லை. ஆறாம் நாள் ரயிலில் வா. வண்டியோடு நிற்கிறேன்.

ஆசா


ஹெரன் முனை
ஆகஸ்ட் 8, 1886

ஆசா,

நீ சொன்னது சரி. நீ எப்போதும் சரிதான்.

முதல் நாளே அது என்னிடம் கேட்டது, 'அம்மா, நீங்கள் அழுகிறீர்களா?' என்று. அவளுக்கு 'நீ' என்று பேசக் கற்றுக்கொடுத்தவள் நான். எனக்குத் தெரியாமலா இருக்கும்? அங்கே போய்ப் புதிதாகக் கற்றுக்கொண்டிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காலேப் இத்தனை காலமாகியும் எழுத்துக் கூட்டக் கற்கவில்லையே, இவள் மட்டும் எப்படி என்று உள்ளே ஒன்று கேட்டது. அதன் வாயைப் பொத்தினேன். ஊரான் வீட்டுப் பிள்ளை மாதிரி நீங்கள் என்று கூப்பிட்டாலும் பரவாயில்லை, அம்மா என்று கூப்பிட்டால் போதும் என்று இருந்தேன். நான் முட்டாளாக இருந்தேன் என்று நினைக்காதே. பசியோடு இருந்தேன்.

உன் கடிதத்தைத் திருமதி பிஞ்ச்சுக்குப் படித்துக் காட்டினேன். கோபத்தில்தான். அவள் மாவுக் கையோடு நின்றாள். "நான் தள்ளலம்மா. சத்தியமாத் தள்ளல. உங்க மொகத்தப் பாத்தா கை அதுவாப் போகுது" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை, ஆசா. அவளைப் பார்த்திருந்தால் நீயும் நம்பியிருப்பாய்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள். "அப்ப காலேப்? அவரும் நான்தானா?"

அவள் மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். அழக்கூட இல்லை. எதற்கெடுத்தாலும் அழுகிறவள், இதற்கு அழவில்லை. அன்றிலிருந்து சாப்பாட்டுக்கப்புறம் இங்கே யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. அவள் புருஷனையும் நாம் இருவரும் சேர்ந்து மறுபடி புதைத்துவிட்டோம். இந்த வீடு இப்போது நம் வீடு மாதிரியே இருக்கிறது.

ரயிலுக்கு நான் வரவில்லை. வண்டியோடு நின்றிருப்பாய், மன்னித்துக்கொள்.

உன் கடிதத்தில் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அந்த நீதிபதி கதை. எனக்கு இது தெரியவே தெரியாது! 'ஆனா அது நாற்காலிக்குத் தெரியாதே.' அவள் குரல் அப்படியே கேட்கிறது. எந்தப் பலகையிலும் கேட்காத குரல், உன் கோபக் கடிதத்தில் கேட்கிறது. இதை ஏன் என்னிடம் சொல்லவே இல்லை? குளிர்காலத்தில் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து இந்த ஒரு கதையைச் சொல்லியிருந்தால் நான் இந்த ஏரிப் பக்கமே வந்திருக்க மாட்டேன். வேறென்ன என்ன வைத்திருக்கிறாய் உள்ளே?

கடைசித் தடவையாகக் கேட்கிறேன். அவள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. சொல்லவில்லை என்கிறாய், நம்புகிறேன். அன்று விடியற்காலை அந்த அறையில் நடந்ததை எழுது.

கெத்தூரா


மில்புரூக்
எட்டாம் மாதம் 22, 1886

கெத்தூரா,

இதை எழுத இத்தனை நாள் ஆயிற்று.

அவள் சொல்லவில்லை என்றது பொய் அல்ல. தொண்டை அடைத்து, அவளுக்குக் குரல் போய்விட்டிருந்தது. மூச்சு வருவதே பெரும்பாடு. நீ இரண்டு இரவாகக் கண் மூடவில்லை. அப்போதுதான் பக்கத்து அறையில் போய்ச் சாய்ந்திருந்தாய்.

நான் கட்டிலருகே முக்காலி போட்டு, அவளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அவள் என் கையை எடுத்தாள். விரித்து உள்ளங்கையை மேலே திருப்பினாள். ஒற்றை விரலால் அதில் எழுதினாள்.

எனக்குப் புரியவில்லை. உளி பிடித்துக் காய்த்த கை, அவள் விரல் போவது சரியாகத் தெரியவே இல்லை. கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளப் பார்த்தேன். முதலில் இரண்டு பள்ளம் போல ஒன்று. அப்புறம் ஒரு வட்டம். அப்புறம் சுத்தியலைத் தலைகீழாக நட்டுவைத்தது போல ஒன்று. அதற்குமேல் விரல் தளர்ந்துவிட்டது.

"புரியல கண்ணு, இன்னொரு தடவ எழுது" என்றேன். மறுபடி எழுதினாள். அதே பள்ளம், அதே வட்டம், அதே சுத்தியல். அது எவ்வளவு சிரமம் என்று அவள் நெற்றியைப் பார்த்தால் தெரிந்தது. மூன்றாம் தடவை எழுதச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புரிந்துவிட்டது என்று தலையாட்டினேன்.

கெத்தூரா, என் வாழ்நாளில் நான் அறிந்து சொன்ன பொய் அது ஒன்றுதான். அதை அவளுக்குச் சொன்னேன்.

அவள் முகம் தெளிந்தது. கையை விட்டுவிட்டாள். பிறகு கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். விடிகிற வெளிச்சம் அந்தப் பக்கம்தான் வரும், அதைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தாள், அப்படியே போய்விட்டாள்.

இதைச் சொன்னால், என்ன எழுதினாள் என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியாது. தெரியாது என்றால் ஏன் தலையாட்டினாய் என்பாய். அதற்குப் பயந்துதான் விறகு வெட்டப் போனேன். எழுத்தெழுத்தாகக் காட்டும் பலகை என்று நீ எழுதியதைப் படித்தபோது என் உள்ளங்கையைத்தான் விரித்துப் பார்த்தேன். தூரிகையை எடுத்தும் எழுத முடியாமல் போனது அதனால்தான்.

உன்னை வரச் சொல்லி இதை எழுதவில்லை.

ஆசா


ஹெரன் முனை
செப்டம்பர் 5, 1886

ஆசா,

நீ சொன்ன பள்ளத்தையும் வட்டத்தையும் சுத்தியலையும் ஒரு தாளில் வரைந்தேன். ஒன்றும் விளங்கவில்லை. பிறகு நீ அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாய் என்பது உறைத்தது. அவள் தன் பக்கத்திலிருந்து எழுதியிருப்பாள். உனக்கு எல்லாம் தலைகீழாகத் தெரிந்திருக்கும்.

தாளைத் திருப்பினேன். பள்ளங்கள் இரண்டும் மேடுகள் ஆயின. வட்டம் வட்டமாகவே இருந்தது. சுத்தியல் நேராக நின்றது. நம் ஆங்கில எழுத்தில் 'அம்மா' என்பதற்கு MOTHER என்று எழுதத் தொடங்கினால் முதலில் வருகிற மூன்று எழுத்துகள் அவை: M, O, T.

அவள் உனக்கு எதுவும் சொல்லவில்லை. என்னைக் கூப்பிடச் சொன்னாள். நீ தலையாட்டினாய். அதனால்தான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதை உனக்கு எழுதக்கூடாது என்று முதலில் முடிவு செய்தேன். எனக்கும் விளங்கவில்லை என்று ஒரு வரி எழுதி உறையில்கூடப் போட்டேன். ஆனால் உனக்கு இதமாக இருக்கட்டும் என்று நான் இல்லாததைச் சொன்னால், எனக்கும் அந்தப் பலகைக்கும் என்ன வித்தியாசம்? கிழித்துப் போட்டேன்.

உன்மேல் கோபம் இருக்கிறதா என்று எனக்குள்ளே தேடிப் பார்த்தேன். இல்லை. நீ என்மேல் இரக்கப்பட்டுத்தான் என்னைத் தூங்கவிட்டாய். அதைத்தான் தாங்க முடியவில்லை. பெண்ணைப் பறிகொடுத்த துக்கம்கூட இப்படி இருக்கவில்லை.

இந்தக் குளிர்காலம் நான் இங்கேயே இருக்கிறேன். திருமதி பிஞ்ச்சுக்குச் சமையலில் உதவி வேண்டும், அவளைத் தனியாக விடவும் மனம் வரவில்லை. அந்த வீட்டுக்குள் நுழைந்து, அந்தக் கதவைத் தாண்டிப் போக எனக்கு இன்னும் தைரியம் இல்லை. வரும்போது சொல்லாமலே வருவேன். டேசியைப் பற்றி எது நினைவுக்கு வந்தாலும் எழுது, சின்ன விஷயமாக இருந்தாலும் எழுது, காத்துக்கொண்டிருப்பேன்.

அவள் கேட்டாள், நான் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தேன். என்னை எழுப்பியிருக்கலாம், ஆசா.

கெத்தூரா